வால்நட்சத்திரம் முன்னால் போனால் பின்னால் இருக்கும் நட்சத்திரக் கொத்து ஏன் மறைவதில்லை?

பகல்தூங்கி:

2024 அக்டோபரில் வந்த சுச்சின்ஷான்-அட்லஸ் வால்நட்சத்திரத்தின் படம் ஒன்று பார்த்தேன். வால் நீளமாகச் சாய்ந்து மேலே போகிறது, பக்கத்திலேயே எம்5 கோளக் கொத்து (உருண்டையாக நெருங்கிக் கிடக்கும் நட்சத்திரக் கூட்டம்) ஒரு சின்ன மங்கல் உருண்டையாகத் தெரிகிறது. தேடிப் பார்த்தால் இந்த மாதிரி ஜோடிப் படங்கள் நிறைய இருக்கின்றன. 2018 டிசம்பரில் விர்டானன் என்ற வால்நட்சத்திரம் கார்த்திகைக் கூட்டத்தை ஒட்டிப் போனது, 2010 அக்டோபரில் ஹார்ட்லி 2 என்ற வால்நட்சத்திரம் பெர்சியஸ் விண்மீன் குழுவில் இருக்கும் இரட்டைக் கொத்தை உரசுகிற மாதிரி போனது.

என் சந்தேகம் இதுதான். வால்நட்சத்திரம் முன்னால், கொத்து பின்னால், சரி. தலையே லட்சக்கணக்கான கிலோமீட்டர் அகலம் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். அப்படியானால் பின்னால் இருப்பவை மறைய வேண்டாமா? படத்தில் தலைக்குள்ளேயும் வாலுக்குள்ளேயும் நட்சத்திரங்கள் புள்ளி புள்ளியாகத் தெரிகின்றன. நிலா ஒரு நட்சத்திரத்துக்கு முன்னால் வந்தால் டக்கென்று அணைந்துவிடுகிறதே, இங்கே ஏன் அப்படி நடப்பதில்லை? இல்லை, இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றனவா?

ரோகிணிநேசன்:

பக்கத்தில் எல்லாம் இல்லை. நீங்கள் சொல்லும் படத்தையே எடுத்துக்கொள்வோம். அந்த நாட்களில் சுச்சின்ஷான்-அட்லஸ் நம்மிடமிருந்து சுமார் 7 கோடி கி.மீ. தூரத்தில் இருந்தது, அதன் ஒளி நம்மிடம் வர 4 நிமிடம் ஆகும். எம்5 சுமார் 24,500 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. கணக்குப் போட்டால் வால்நட்சத்திரத்தைவிட 300 கோடி மடங்கு தூரம். படத்தில் ஆழம் தெரியாது என்பதால்தான் இரண்டும் தோளோடு தோள் நிற்பது போலத் தோன்றுகிறது. விர்டானன் இன்னும் கிட்டே வந்தது, 2018 டிசம்பர் 16 அன்று 1.16 கோடி கி.மீ.தான், அதாவது ஒளிக்கு 40 நொடிகூட ஆகாது. பின்னால் இருந்த கார்த்திகைக் கூட்டத்தின் ஒளியோ கிளம்பி 440 ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

இப்போது மறைக்கும் விஷயம். வால்நட்சத்திரத்தில் கெட்டியான பொருள் என்று சொல்ல நடுவில் இருக்கும் கரு மட்டும்தான் உண்டு. ஹேலியின் கரு நீளவாக்கில் 15 கி.மீ., 67பி வால்நட்சத்திரத்தின் கரு 4 கி.மீ. சொச்சம், ஹார்ட்லி 2 இன்னும் பொடிசு, 2 கி.மீ.க்குக் கொஞ்சம் கூடுதல். (அது இரட்டைக் கொத்தைத் தாண்டி ஒரு மாதம் ஆவதற்குள், 2010 நவம்பர் 4 அன்று, நாசாவின் விண்கலம் 700 கி.மீ. தூரத்தில் பறந்து அந்தக் கருவைப் படம் எடுத்தது. கொத்தோடு சேர்த்து எடுத்த படத்தில் பச்சைப் புகை போலத் தெரிவதற்குள் ஒளிந்திருப்பது இதுதானா என்று இருக்கும்.) மற்றதெல்லாம் அதிலிருந்து கிளம்பிப் போகும் வாயுவும் நுண்ணிய தூசியும். அவை அவ்வளவு இடத்தில் பரவிக் கிடக்கின்றன, அதனால் அடர்த்தி என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. தலையை முழுக்க ஊடுருவி வரும் நட்சத்திர ஒளியில் பொதுவாக நூற்றில் ஒரு பங்குகூடக் குறையாது. நம் காற்று மண்டலமோ நேர் உச்சியில் பார்த்தாலே பத்தில் ஒரு பங்குக்கு மேல் விழுங்கிவிடுகிறது. ஆக, லட்சம் கிலோமீட்டர் தடிமனுள்ள வால்நட்சத்திரத் தலையைவிட நம் தலைக்கு மேலே இருக்கும் காற்றுதான் அந்தக் கொத்தை அதிகம் மங்கலாக்குகிறது.

இதற்கு நல்ல உதாரணம் 2007ல் ஹோம்ஸ் வால்நட்சத்திரம். அக்டோபர் கடைசியில் இரண்டே நாளுக்குள் 17ஆம் தரத்திலிருந்து 3ஆம் தரத்துக்கு வந்துவிட்டது (தரம் என்பது பிரகாசத்தின் அளவு, எண் குறையக் குறையப் பிரகாசம் கூடும்), வெறும் கண்ணுக்குத் தெரிந்தது. நவம்பரில் அதன் தூசி உருண்டை சூரியனைவிடப் பெரிதாக ஊதிவிட்டது, 14 லட்சம் கி.மீ.க்கு மேல். கரு என்னவோ மூன்றரை கிலோமீட்டர்தான். அந்தப் பெரிய உருண்டை அதே மாதம் மிர்ஃபாக் நட்சத்திரத்தைச் சுற்றி இருக்கும் கொத்துப் பக்கமாக மெதுவாக நகர்ந்து போனது. உள்ளே அகப்பட்ட நட்சத்திரங்கள் அப்படியே தெரிந்துகொண்டிருந்தன.

எட்டங்குலம்:

புத்தகத்தில் இருப்பது சரிதான், ஆனால் கண்ணால் பார்க்கும்போது அப்படி இல்லை நண்பரே. விர்டானன் வந்தபோது என் 8 அங்குலத் தொலைநோக்கியில் நிறையப் பார்த்தேன். தலையின் நடுப் பகுதி ஒரு மங்கல் நட்சத்திரத்தின் மேல் ஏறும்போது அது காணாமல் போகும். நகர்ந்த பிறகு திரும்ப வரும். 12, 13ஆம் தரத்து நட்சத்திரங்களில் இது தெளிவாகத் தெரிந்தது. ஒரு பங்குகூடக் குறையாது என்றால் அது எங்கே போகும்?

ரோகிணிநேசன்:

எங்கேயும் போகவில்லை, பின்னணி வெளுத்துவிட்டது, அவ்வளவுதான். நட்சத்திரத்தின் ஒளி அதே அளவு வருகிறது, அதைச் சுற்றி இருந்த கறுப்பு வானம் போய் தலையின் சொந்த வெளிச்சம் வந்துவிட்டது. முழு நிலா இருக்கும் இரவில் மங்கல் நட்சத்திரம் எல்லாம் காணாமல் போகிறதே, நிலா அவற்றை மறைத்ததாலா போகிறது? கார்த்திகைக் கூட்டம் மாதிரி பளிச்சென்று இருப்பவற்றுக்கு இதனால் ஒன்றும் ஆகாது. கோளக் கொத்துகள்தான் அடிபடும், ஏனென்றால் அவற்றின் வெளி ஓரம் முழுக்க மங்கல் நட்சத்திரங்கள்.

உங்கள் அனுபவத்தில் ஒன்றைச் சோதிக்கலாம். அடுத்த முறை உருப்பெருக்கத்தைக் கூட்டிப் பாருங்கள். பரந்து கிடக்கும் வெளிச்சம் விரிந்து மங்கும், நட்சத்திரம் புள்ளியாகவே நிற்கும், காணாமல் போனது பல நேரம் திரும்ப எட்டிப் பார்க்கும். உண்மையிலேயே மறைந்திருந்தால் எந்தக் கண்ணருகு வில்லை போட்டாலும் வராது.

எட்டங்குலம்:

சரி, இது ஒப்புக்கொள்ளக்கூடிய சோதனைதான். அடுத்தது வரட்டும்.

ஆனால் கோளக் கொத்தோடு சேரும்போது இருக்கும் வேடிக்கையை நீங்கள் சொல்லவில்லை. 2022 ஜூலை 15 வாக்கில் கே2 பான்ஸ்டார்ஸ் வால்நட்சத்திரம் எம்10 கோளக் கொத்தின் பக்கத்தில் போனது. பைனாகுலரில் பார்த்தால் இரண்டும் பஞ்சு மாதிரி, எது எது என்று ஒரு நிமிடம் யோசிக்க வேண்டும். 18ஆம் நூற்றாண்டு பிரெஞ்சு வானியலாளர் மெசியேர் தன் பட்டியலைப் போட்டதே (எம் எண்கள் அதிலிருந்து வந்தவை) இந்தத் தொல்லைக்காகத்தான். மனிதர் வால்நட்சத்திரம் தேடிக்கொண்டிருந்தார், நகராமல் ஏமாற்றும் மங்கல்களை எல்லாம் எழுதிவைத்தார், 1774ல் அச்சான முதல் பட்டியலில் 45 இருந்தன. எம்5, எம்10 இரண்டும் அதில் உண்டு. இப்போது நாம் அந்தப் பட்டியலுக்காகவே தொலைநோக்கி வாங்குகிறோம், அவர் தேடிய வால்நட்சத்திரங்களின் பெயர் யாருக்கும் தெரியாது.

பகல்தூங்கி:

இப்போது புரிகிறது. நன்றி. ஆனால் புதிதாக ஒரு சந்தேகம் வந்துவிட்டது. சில படங்களில் நட்சத்திரங்களும் கூர்மையான புள்ளி, வால்நட்சத்திரமும் கூர்மை. வால்நட்சத்திரம் நகர்ந்துகொண்டே இருக்கிறது என்கிறீர்கள், அப்புறம் எப்படி இரண்டும் கூர்மையாக வரும்? ஒட்டுவேலையா? கொத்தின் பழைய படம் ஒன்றை எடுத்து மேலே வால்நட்சத்திரத்தை வைத்துவிடுகிறார்களோ என்று தோன்றுகிறது.

நிழல்பெட்டி:

நான் படம் எடுக்கிறவன், இதற்கு நான் பதில் சொல்கிறேன்.

நட்சத்திரங்களைப் பின்தொடரும் மவுண்ட்டில் கேமராவை வைத்தால் நட்சத்திரங்கள் நிற்கும், வால்நட்சத்திரம் நகரும். எவ்வளவு நகரும் என்பது தூரத்தைப் பொறுத்தது. ஒரு நாளைக்கு 1 பாகை நகரும் ஒன்று (நிலாவின் அகலத்தைப் போல இரண்டு மடங்கு) மணிக்கு இரண்டரைக் கலை (ஒரு பாகைக்கு 60 கலை, ஒரு கலைக்கு 60 விகலை), நிமிடத்துக்கு இரண்டரை விகலை நகரும். 200 மி.மீ. லென்ஸில், சாதாரண கேமராவில், ஒரு பிக்ஸல் சுமார் 4 விகலை. ஆக ஒரு நிமிட எக்ஸ்போஷரில் அது ஒரு பிக்ஸல்கூட நகரவில்லை, தனிப் படத்தில் எல்லாமே கூர்மை. இங்கேயே நிறுத்தினால் எந்தச் சிக்கலும் இல்லை. ஆனால் ஒரு நிமிடத்தில் வாலின் மெல்லிய பகுதி எதுவும் பதிவாகாது, இரைச்சல்தான் பதிவாகும். அதனால் நூறு படம் எடுத்து அடுக்க வேண்டும், அந்த நூறு நிமிடத்துக்குள் வால்நட்சத்திரம் 4 கலைக்கு மேல், அதாவது 60 பிக்ஸலுக்கு மேல், போய்விட்டிருக்கும். விர்டானன் மாதிரி கிட்டே வருவது இதைவிடப் பல மடங்கு ஓடும், அங்கே ஒரு நிமிடமே அதிகம்.

அடுக்கும்போது இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நட்சத்திரங்களை ஒன்றின் மேல் ஒன்று பொருத்தினால் கொத்து அருமையாக வரும், வால்நட்சத்திரம் இழுபட்ட சாம்பல் பூச்சாக இருக்கும். கருவைப் பொருத்தினால் வால் நூல் நூலாக வரும், பின்னால் கொத்து முழுக்கக் கோடுகளாகிவிடும். டீப்ஸ்கைஸ்டாக்கர், சிரில், பிக்ஸ்இன்சைட் என்று படங்களை அடுக்கும் மென்பொருள்கள் எல்லாவற்றிலும் இந்த இரண்டுக்கும் வழி இருக்கிறது. நீங்கள் பார்த்த படங்கள் இரண்டு அடுக்கையும் தனித்தனியாகச் செய்து சேர்த்தவை. வால்நட்சத்திர அடுக்கில் ஒவ்வொரு நட்சத்திரமும் ஒவ்வொரு படத்தில் ஒவ்வொரு இடத்தில் விழும் என்பதால், ஒரு பிக்ஸலில் திடீரென்று பளிச்சென்று வரும் மதிப்பை மென்பொருள் தூக்கி எறிந்துவிடும், கோடுகள் பெரும்பாலும் போய்விடும். பெரும்பாலும் என்றுதான் சொல்கிறேன். கார்த்திகைக் கூட்டத்தின் பெரிய நட்சத்திரங்கள் அவ்வளவு சுலபத்தில் போகாது, ஒளிவட்டத்தின் மிச்சம் வாலுக்குள் அழுக்கு மாதிரி தங்கும். அதைத் துடைக்க உட்கார்ந்தால் இரவு போய்விடும்.

அப்படியானால் ஒட்டுவேலையா? அதே இரவு, அதே கேமரா, அதே படங்கள்தான். வால்நட்சத்திரத்தை வைக்கும் இடம் நடுவில் எடுத்த ஒரு தனிப் படத்தில் எங்கே இருந்ததோ அங்கே. இதை நான் ஒட்டுவேலை என்று சொல்ல மாட்டேன். வேறு நாள் எடுத்த கொத்தின் மேல் வைத்தால் அது ஒட்டுவேலை, அதைக் கண்டுபிடிப்பதும் சுலபம். படத்தோடு போட்ட தேதியையும் நேரத்தையும் ஸ்டெல்லேரியம் என்ற வானவரைபட மென்பொருளில் கொடுத்துப் பாருங்கள், கொத்திலிருந்து எவ்வளவு தள்ளி, எந்தப் பக்கம் என்று காட்டும். வாலின் திசையையும் பாருங்கள், அது பெரும்பாலும் சூரியனுக்கு எதிர்ப்பக்கமாகத்தான் போகும், தூசி வால் மட்டும் கொஞ்சம் வளையலாம். போலி செய்கிறவர்கள் அழகுக்காக வாலைத் திருப்பிவைத்து இதில்தான் மாட்டிக்கொள்வார்கள்.

நிறமும் ஒரு சாட்சி. தலையில் வரும் பச்சை இரண்டு கார்பன் அணு சேர்ந்த மூலக்கூறு வெளிவிடும் ஒளி. சூரிய ஒளி பட்டே அது சீக்கிரம் உடைந்துவிடும், அதனால் வால் வரைக்கும் போய்ச் சேராது. வால் பச்சையாக இருந்தால் யாரோ ஸ்லைடரை அதிகமாக இழுத்திருக்கிறார்கள்.

எட்டங்குலம்:

ஒரு தனிப் படத்தையும் கூடவே போட்டால்தான் நான் நம்புவேன். இரண்டு அடுக்கைச் சேர்த்த பிறகு அது நன்றாக வரைந்த ஓவியம், புகைப்படம் இல்லை. வாலுக்குள் இருக்கும் நட்சத்திரங்களைத் துடைத்து, திரும்ப இன்னொரு அடுக்கிலிருந்து கொண்டுவந்து வைத்தால், கேள்வி கேட்டவர் முதலில் கேட்டாரே, ஊடுருவித் தெரிகிறதா என்று, அதற்கு அந்தப் படத்தை எப்படிச் சாட்சியாகக் காட்டுவது?

நிழல்பெட்டி:

அந்தக் கேள்விக்கு அதைச் சாட்சியாகக் காட்டக் கூடாது, சரிதான். அதற்குத் தனிப் படம்தான் வேண்டும், அதிலும் ஊடுருவித் தெரியும். மற்றபடி நான் இரண்டையும் போடுகிறேன், பார்ப்பவர்கள் சேர்த்த படத்துக்குத்தான் கூடுகிறார்கள், என்ன செய்ய.

விகலை:

கரு நிஜமாகவே ஒரு நட்சத்திரத்தை மறைப்பதைப் பற்றி யாரும் பேசவில்லையே, சுவாரசியமே அங்கேதான் இருக்கிறது.

நட்சத்திரம் அவ்வளவு தூரத்தில் இருப்பதால் அதன் ஒளிக்கதிர்கள் நம்மிடம் இணையாக வருகின்றன. அதனால் கருவின் நிழல் பூமியில் விழும்போது கருவின் அகலம்தான் இருக்கும். ஹோம்ஸ் என்றால் மூன்றரை கிலோமீட்டர் அகலப் பட்டை. அந்தப் பட்டைக்குள் நிற்பவருக்கு மட்டும் நட்சத்திரம் அணையும், அதுவும் நொடியில் ஒரு சிறு பங்கு நேரம், ஏனென்றால் நிழல் நொடிக்குப் பத்துக் கணக்கான கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. பக்கத்து ஊரில் இருப்பவருக்கு ஒன்றுமே நடக்காது. நிலாவின் நிழல் 3,400 கி.மீ.க்கு மேல் அகலம், அதனால்தான் அது நட்சத்திரங்களை மறைப்பதைப் பெரும் பரப்பில் இருப்பவர்கள் பார்க்கிறார்கள். பகல்தூங்கி கேட்ட முதல் கேள்விக்கு இதுவும் பதில்: டக்கென்று அணைவது வால்நட்சத்திரத்திலும் நடக்கும், நாம் சரியான பட்டையில் நிற்பதில்லை.

சிக்கல் என்னவென்றால் பட்டை எங்கே விழும் என்று முன்கூட்டிச் சொல்வது கடினம். கருவைச் சுற்றித் தலை வெளிச்சமாக இருப்பதால் கரு எந்தப் புள்ளியில் இருக்கிறது என்று துல்லியமாக அளக்க முடியாது. வாயு பீறிட்டு வருவதால் கருவே சுற்றுப்பாதையிலிருந்து கொஞ்சம் தள்ளப்படவும் செய்யும். இருந்தாலும் முயற்சி செய்திருக்கிறார்கள், 1996 அக்டோபரில் ஹேல்-பாப் ஒரு நட்சத்திரத்துக்கு முன்னால் போனபோது அதைப் பிடித்து, கருவின் அளவுக்கு ஒரு வரம்பு வைக்கப் பார்த்தார்கள். பெரிய உருப்படி என்றால் கைரான். சனிக்கும் யுரேனஸுக்கும் நடுவே சுற்றுவது, 95பி என்று வால்நட்சத்திர எண்ணும் உண்டு. 2011 நவம்பரில் அது ஒரு நட்சத்திரத்தை மறைத்தபோது, முக்கியமான மறைப்புக்கு முன்னும் பின்னும் சின்னச் சின்ன ஒளி இறக்கங்கள் பதிவாயின. சுற்றி வளையமா, தூசி ஓடா என்று அதிலிருந்து விவாதம்.

பூமியில் நின்றுகொண்டு சரியான பட்டைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை என்றால் இன்னும் வசதி. ரோசெட்டா விண்கலம் 67பி பக்கத்திலேயே இருந்ததால், அதிலிருந்த ஆலிஸ் என்ற புற ஊதாக் கருவி, கருவின் ஓரமாகத் தெரிந்த நட்சத்திரங்களைப் பார்த்து, அவற்றின் ஒளியில் நீராவியும் ஆக்சிஜனும் எவ்வளவு உறிஞ்சுகின்றன என்று அளந்தது. நம் கண்ணுக்கு ஒன்றும் குறையாத ஒளிதான். சரியான அலைநீளத்தில், கருவுக்கு நெருங்கிய இடத்தில் பார்த்தால் குறைவது தெரிகிறது. ரோகிணிநேசன் சொன்ன நூற்றில் ஒரு பங்கு என்பது கண் பார்க்கும் ஒளிக்கு, கருவிலிருந்து தள்ளி, என்று சேர்த்துக்கொள்ளுங்கள்.

பகல்தூங்கி:

இவ்வளவு வரும் என்று நினைக்கவில்லை. கடைசியாக ஒன்று: எந்தக் கொத்துகளைக் கவனித்துக்கொண்டிருந்தால் இப்படி ஜோடி சேர்வதைப் பார்க்கலாம்? என்னிடம் 10x50 பைனாகுலர் மட்டும்தான் இருக்கிறது.

ரோகிணிநேசன்:

சூரியன் போகும் பாதையை ஒட்டி இருப்பவற்றை. கார்த்திகைக் கூட்டம், ரோகிணிக்குப் பின்னால் இருக்கும் ஹயடீஸ் கொத்து, பூசத்தில் இருக்கும் எம்44, தெற்கே எம்4, எம்22. குறுகிய காலத்தில் திரும்பித் திரும்ப வரும் வால்நட்சத்திரங்களில் பெரும்பாலானவை கோள்கள் சுற்றும் தளத்தை அதிகம் விட்டு விலகுவதில்லை, அதனால் இந்த வழியாகத்தான் போக வேண்டும். வெள்ளிகூட எட்டு ஆண்டுக்கு ஒரு முறை கார்த்திகைக் கூட்டத்துக்குள் நுழையும், 2012, 2020, அடுத்து 2028. நெடுங்காலத்துக்கு ஒரு முறை வருபவை எந்தத் திசையிலிருந்தும் வரும், 2020 ஜனவரி கடைசியில் டி2 பான்ஸ்டார்ஸ் வால்நட்சத்திரம் இரட்டைக் கொத்துப் பக்கம் போனது அப்படித்தான்.

10x50 தாராளமாகப் போதும், ஆறு பாகைக்கு மேல் பார்வைப் புலம் கிடைக்கும், இரண்டும் ஒன்றாக அடங்கும். தரம் 7 என்று எழுதியிருந்தால் 7ஆம் தர நட்சத்திரம் போல இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள், அந்த வெளிச்சம் முழுவதும் பெரிய வட்டத்தில் பரவிக் கிடக்கும். விர்டானன் 4ஆம் தரம் வரைக்கும் வந்தும் நகரத்தில் இருந்து பார்த்த பலருக்குத் தெரியாமலே போனது. கொஞ்சம் ஓரக்கண்ணால் பாருங்கள், நேராகப் பார்த்தால் நழுவிவிடும்.

நிழல்பெட்டி:

நிலா எங்கே என்று முதலில் பாருங்கள். ஜோடி சேரும் தேதியில் முழு நிலா இருந்தால் முந்தின வாரமோ அடுத்த வாரமோ பார்ப்பதே மேல், கொத்து அங்கேயேதான் இருக்கும், வால்நட்சத்திரம் மட்டும் தள்ளிப் போயிருக்கும்.

பகல்தூங்கி:

ஸ்டெல்லேரியத்தில் 2018 டிசம்பர் என்று போட்டுப் பார்த்தேன், விர்டானன் காட்டவே இல்லை?

விகலை:

வால்நட்சத்திரங்களின் சுற்றுப்பாதை அளவுகளை அதில் தனியாகச் சேர்க்க வேண்டும். பழைய தேதிக்குப் பார்க்கும்போது அந்தக் காலத்துக்கு உரிய அளவுகளைப் போடுங்கள், இப்போதையதைப் போட்டால் இடம் தள்ளிக் காட்டும். துல்லியமாக வேண்டும் என்றால் நாசாவின் ஜேபிஎல் ஹொரைசன்ஸ் இணையதளத்தில் 46பி (விர்டானனின் எண்) என்று தேடி, தேதி கொடுத்து எடுத்துக்கொள்ளுங்கள்.